ஊசி, கை, பழி: இசைத்தட்டின் தேய்மானம் குறித்துச் சில குறிப்புகள்

சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். மேடைப் பேச்சாளருக்குப் பொருந்தும், வீட்டுப் பெரியவருக்குப் பொருந்தும், சிறுபத்திரிகை விமர்சகருக்கு மிகவே பொருந்தும். ரெக்கார்டைக் கண்ணால் பார்த்திராத தலைமுறையும் இந்தச் சொல்லடையைப் புழங்குகிறது. இதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. குற்றவாளி தட்டுதான் என்று முடிவாகிவிட்டது. தட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த முள்ளோ, அந்த முள்ளைச் சுமந்த கையோ விசாரணைக்கே வரவில்லை.

பழைய தட்டுகளோடும் அவற்றை ஓட்டும் இயந்திரங்களோடும் பல வருஷங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இந்தத் தீர்ப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், முள் உள்நோக்கி நகர முடியாமல் சுற்றுக்குச் சுற்று பழைய இடத்துக்கே வந்து விழுகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிவிடுவது கீறலாக இருக்கலாம். கையின் பேரிங்கில் காய்ந்துபோன எண்ணெயாகவும் இருக்கலாம். கைக்குள் ஓடும் மெல்லிய கம்பி விறைத்துப்போயிருக்கலாம். கையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கை யாரோ அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருக்கலாம். அதே தூரத்தில் வேறொரு தட்டும் தடுக்கினால் தட்டின் மேல் குற்றமில்லை என்று ரிப்பேர்க்காரருக்குத் தெரியும். மொழிக்குத் தெரியாது.

ஒலிப்பதிவின் வரலாறு பாடகர்களின் வரலாறாகவும் கம்பெனிகளின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அதையே கோளாறுகளின் வரலாறாக எழுதிப் பார்த்தால் வேறு சில விஷயங்கள் துலங்குகின்றன. தேய்மானம் எங்கே நிகழ்கிறது என்பது ஒரு கேள்வி. அதன் பழி யார் தலையில் இறக்கப்படுகிறது என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

எடிசனின் 1877ஆம் வருஷத்து போனோகிராபில் திருகு மரை இருந்தது. ஈயத்தாள் சுற்றிய உருளை, மரை வெட்டிய தண்டின் மேல் சுழன்றபடியே பக்கவாட்டில் நகரும். பின்னால் வந்த அவருடைய மெழுகு உருளை இயந்திரங்களில் உருளை அங்கேயே சுழல, ஊசித்தலையை மரை நகர்த்திச் சென்றது. எப்படியானாலும் நகர்த்துகிற வேலை இயந்திரத்துடையது. ஒலித்தடம் தன் வேலையை, அதாவது ஊசியை அதிரச் செய்யும் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டது.

1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்ற எமில் பெர்லினர் உருளையைத் தட்டையாக்கினார் என்றுதான் எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அவர் செய்த இன்னொரு காரியம் பேசப்படுவதில்லை. மரையை அவர் தூக்கி எறிந்தார். ஊசியை வெளிவிளிம்பிலிருந்து நடுப்பகுதிக்கு இழுத்துப்போகும் பொறுப்பைத் தடத்தின் தலையிலேயே கட்டினார். பாடவும் வேண்டும், பாரமும் சுமக்க வேண்டும். இயந்திரம் மலிந்தது, எளிமையானது, வீட்டுக்கு வீடு போயிற்று. மரை செய்துகொண்டிருந்த உழைப்பு ஒழிந்துபோகவில்லை, தட்டின் சுவர்களுக்குக் கைமாற்றப்பட்டது. இந்தக் கைமாற்றத்தின் கணக்கைத்தான் பிறகு வந்த நூறு வருஷங்களும் தீர்த்துக்கொண்டிருந்தன என்று சொல்லலாம்.

நிப்பர் என்ற நாய் புனலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் எல்லோருக்கும் தெரியும். பிரான்சிஸ் பாரோ அதை வரைந்தபோது நாயின் முன்னால் இருந்தது உருளை இயந்திரம். 1899இல் கம்பெனி கேட்டுக்கொண்டதன் பேரில் அதன் மேல் கிராமபோன் தீட்டப்பட்டது. அந்தப் படத்தில் புனலையும் அதன் அடியில் இருக்கும் சவுண்ட் பாக்ஸையும் கவனித்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டுறவாக ஒன்றோடொன்று சேர்ந்தே நகர வேண்டியவை. அந்தக் குடும்பத்தை முழுவதுமாக இழுத்துப்போனது ஒரு தடத்தின் மெல்லிய சுவர். 1903 வாக்கில் விக்டர் கம்பெனி கொண்டுவந்த கூம்புக் குழாய்க் கைதான் இந்தக் கூட்டுக் குடும்பத்தைப் பிரித்தது. புனல் பெட்டியோடு நின்றுகொண்டது, கை மட்டும் நகர்ந்தது. ஒலி அந்தக் கையின் பொந்து வழியாகக் காற்றாகவே போய்ப் புனலைச் சேர்ந்தது. 'டோன் ஆர்ம்' என்ற பெயர் அதனால் வந்தது. 1925இல் மின் ஒலிப்பதிவு வந்து, அதையொட்டி மின் பிக்கப்புகளும் வந்தபின் கைக்குள் ஒலி ஓடுவது நின்றுபோய்க் கம்பிதான் ஓடுகிறது. பெயர் மட்டும் ஜமீன் ஒழிந்தபிறகும் ஜமீன்தார் என்று கூப்பிடுவது போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

*

இரும்பு ஊசிக் காலத்தில் தேய வேண்டியது ஊசிதான் என்று ஏற்பாடு. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 78 சுற்றுத் தட்டு வெறும் அரக்கால் ஆனதல்ல. அவலரக்கு அதில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்குள்தான். மீதியில் கணிசமான பகுதி கல்மாவு, அதாவது சிலேட்டுப் பொடி, சுண்ணாம்புக்கல் பொடி போன்றவை. புது ஊசியின் முனை தடத்துக்குப் பொருந்தாது. முதல் சில சுற்றுகளில் அந்தக் கல்மாவு அதைச் சாணை பிடித்துத் தடத்தின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சாணைக்கல்லையும் கத்தியையும் ஒரே பெட்டியில் விற்ற மாதிரி. ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியின் வேலை முடிந்தது, எறிந்துவிட வேண்டும். ஊசி டப்பாக்களின் மேல் ஒவ்வொரு ஊசியையும் ஒரு முறைதான் உபயோகிக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள்.

இந்த அரக்கின் பயணம் தனியாக எழுதப்பட வேண்டியது. பூச்சி கசிந்த பிசினை சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்தார்கள். உலகத்தின் தட்டுகளுக்கெல்லாம் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போனது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மூலத்தகடுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலேறி, தட்டுகளாகித் திரும்பி வந்தன. சியால்டாவில் தொழிற்சாலை வந்தது 1908இல்தான். அதாவது பிசினும் குரலும் இங்கிருந்து போய், இரண்டும் ஒன்றாக அழுத்தப்பட்டு, விலை போட்டு நமக்கே விற்கப்பட்டன. காலனியப் பொருளாதாரத்துக்குப் பாடப்புத்தக உதாரணம் தேடுகிறவர்கள் பருத்தியோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இனி ஊசி டப்பாவுக்கு வருவோம். 'ஒரு முறை மட்டும்' என்ற வாசகத்தை நான் வெறும் தொழில்நுட்பக் குறிப்பாக வாசிக்கவில்லை. ஒரு தட்டுக்கு மூன்று நிமிஷப் பாட்டு, பக்கத்துக்கு ஒரு ஊசி. கிராமபோன் பெட்டியே பெருமைக்குரிய சொத்தாக இருந்த வீட்டில் எஃகு ஊசியை மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? "இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்று நாலைந்து பாட்டுக்கு ஓட்டுவார்கள். இரண்டாவது பாட்டிலேயே முனை உளி மாதிரித் தட்டையாகிவிடும். ஊசியைக் கழற்றி மறுபடி மாட்டும்போது அந்த உளி வேறு கோணத்தில் திரும்பி நின்றால் அதன் விளிம்பு தடத்தின் சுவரைச் சீவத் தொடங்கும். தட்டில் தடங்கள் சாம்பல் பூத்து வெளுத்துக் கிடப்பதைப் பழைய தட்டுக் கடைகளில் பார்க்கலாம். அந்த வெளுப்பு, கேட்டவர்களின் சிக்கனம் எழுதிய எழுத்து. தேய்மானத்தை உற்பத்தியிலேயே திட்டமிட்டு வைத்தது கம்பெனி. ஆனால் டப்பாவின் மேல் ஒரு வரியை அச்சடித்ததன் மூலம் பழியைக் கேட்பவரின் கஞ்சத்தனத்துக்கு மாற்றிவிட்டது.

இங்கிலாந்தில் இதற்கு எதிராக ஒரு பிரிவினர் கிளம்பினார்கள். மூங்கிலிலிருந்து வெட்டிய ஊசி, கள்ளிமுள் ஊசி என்று பிடிவாதமாக நின்றவர்கள். ஈ.எம்.ஜி. என்ற லண்டன் பட்டறை காகிதக்கூழால் ஆளுயரப் புனல் செய்து விற்றது இவர்களுக்காகத்தான். எஃகு ஊசிக்காரர்களை இவர்கள் காட்டுமிராண்டிகளாகவே நினைத்தார்கள். நாம் 'முள்' என்று சொல்வது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தது என்பதோடு இதை விட்டுவிடலாம். பெரிய விவகாரம் வேறு இடத்தில் இருந்தது.

*

அந்த விவகாரம் கையின் வடிவம் சம்பந்தப்பட்டது. மூலத்தகட்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டும் தலை, விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டுக் கை ஒரு முனையில் அச்சில் மாட்டியிருப்பதால் வில்வளைவாகத்தான் போக முடியும். எழுதிய கோணம் வேறு, வாசிக்கும் கோணம் வேறு. மூலப் பிரதிக்கும் வாசிப்புக்கும் இடையிலான இந்தப் பிசகை 1990களில் நம்முடைய அமைப்பியல் நண்பர்கள் எவ்வளவோ பக்கங்களில் விவாதித்தார்கள். கிராமபோன்காரர்கள் அதை டிகிரியில் அளந்துவிட்டார்கள்.

1924இல் 'தி கிராமபோன்' பத்திரிகையில் பெர்சி வில்சன் இந்தக் கோணப் பிசகைப் பற்றி எழுதினார். 1938இல் எரிக் லோஃப்கிரென், 1941இல் பேர்வால்ட் ஆகியோர் கணக்கை முழுமையாக்கினார்கள். தீர்வு இதுதான்: கையின் தலையை உள்பக்கமாகச் சற்று வளைத்துவிடு, நீளத்தையும் கொஞ்சம் கூட்டி, முள் மைய அச்சைத் தாண்டி விழும்படி வை. அப்படிச் செய்தால் தட்டின் முழு அகலத்திலும் பிசகு ஓரிரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். எல்.பி. தட்டுக்குப் பேர்வால்ட் கணக்குப்படி மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் மட்டும் பிசகு பூஜ்யம். மற்ற இடமெல்லாம் சமரசம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இருபது நிமிஷப் பக்கத்தில் வாசிப்பு மூலத்தோடு சரியாகப் பொருந்துவது இரண்டே இரண்டு கணங்களில்.

இந்த வளைப்பு புதிய கோளாறு ஒன்றைப் பெற்றெடுத்தது. சுழலும் தட்டு முள்ளை உராய்ந்து இழுக்கும் திசை, வளைந்த கையின் அச்சுக்கு நேராக இல்லை. அதனால் கை எப்போதும் மையத்தை நோக்கி இழுபடுகிறது. இதற்கு ஸ்கேட்டிங் என்று பெயர். முள், தடத்தின் உள்சுவரில் கூடுதலாகச் சாய்ந்து நிற்கும். ஸ்டீரியோவில் உள்சுவர் இடது பக்கத்துக்கு, வெளிச்சுவர் வலது பக்கத்துக்கு. ஆகவே உரத்த இடங்களில் முதலில் கரகரப்பது வலது ஸ்பீக்கர். "ரைட் சைடு ஸ்பீக்கர் போச்சு சார், கோன் மாத்தணும்" என்று ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போவதுண்டு. ஸ்பீக்கர்களை இடம் மாற்றி இணைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கரகரப்பு கூடவே நகர்ந்தால் ஸ்பீக்கரில் குற்றம், நகராமல் அதே பக்கம் நின்றால் குற்றம் அதற்கு முந்தின கட்டத்தில்.

ஸ்கேட்டிங்குக்கு எதிராகக் கையை வெளியே இழுக்க நூலில் தொங்கும் குண்டு, ஸ்பிரிங், காந்தம் என்று என்னென்னவோ வைத்தார்கள். அது மட்டும் சரியாகிவிடுமா? உராய்வு, பாட்டின் சத்தத்தோடு கூடிக் குறைகிறது. ஒரே நிலையான எதிர்விசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. குறைவாக வைத்தால் கை முன்னோக்கித் தாவி இரண்டு வரியை விழுங்கும். அதிகமாக வைத்தால் பின்னோக்கித் தள்ளி ஒரே வரியைப் பாடவைக்கும். நம் சொல்லடைக்குள் மறைந்திருக்கும் நிஜக் குற்றவாளிகளில் இவரும் ஒருவர்.

1972இல் டென்மார்க்கின் பாங் அண்ட் ஓலுஃப்சென் 'பியோகிராம் 4000' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதில் கை வளைவாகப் போகாது. மோட்டார் ஒன்று அதை நேர்கோட்டில் நகர்த்திக்கொண்டே போகும். கோணப் பிசகும் இல்லை, ஸ்கேட்டிங்கும் இல்லை. பெர்லினர் தூக்கி எறிந்த மரை எண்பத்தைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தது, ஆனால் இப்போது அது வசதி படைத்தவர்களின் வரவேற்பறைக்கு வந்தது. மலிவுக்காக ஒழிக்கப்பட்ட ஒன்று ஆடம்பரமாகத் திரும்புவதை முன்னேற்றம் என்ற சொல்லால் குறிப்பிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

*

போர்க்காலத்தில் ஆசியாவிலிருந்து அரக்கு வருவது தடைப்பட்டது. 1942இல் அமெரிக்கா அதன் உபயோகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வினைல் பரவலாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 1948 ஜூனில் கொலம்பியா எல்.பி.யை வெளியிட்டபோது உறவு தலைகீழாயிற்று. தட்டு மெதுவானது, முள்ளோ நீலக்கல் அல்லது வைரம். இப்போது தேய வேண்டியது தட்டு. எஃகு ஊசி தன் தேய்மானத்தைக் கண்ணுக்குக் காட்டியது. வைரம் காட்டாது. சில நூறு மணி நேரம் முதல் ஆயிரம் மணி நேரம் வரை ஓடும். அதற்குள் அது பட்டை தட்டி உளியாகிவிட்டதா என்று பார்க்க நுண்ணோக்கி வேண்டும். தேயும் முள்ளில் தெரியாத தேய்மானம், அது ஓடிய அத்தனை தட்டுகளிலும் திரும்ப எடுக்க முடியாதபடி எழுதப்பட்டிருக்கும்.

78 தட்டின் முள் முனை ஆரம் 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான். எல்.பி.க்கு 1 மில், 25 மைக்ரான். 1958இல் கடைக்கு வந்த ஸ்டீரியோவுக்கு இன்னும் மெல்லியது. மேற்கில் இந்த மாற்றம் சில வருஷங்களில் முடிந்துபோனது. இங்கே அப்படியில்லை. இந்தியாவில் 1960களிலும் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளே இந்தியாவில் 78இல் வெளிவந்தன. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். ஆக, நம் வீடுகளில் இரண்டு தொழில்நுட்ப யுகங்கள் ஒரே கையில் தொங்கின. தலையில் ஒரு சின்ன நெம்புகோல், ஒரு பக்கம் திருப்பினால் 78 முள், மறுபக்கம் எல்.பி. முள். மேற்கத்திய வரலாற்றில் அடுத்தடுத்து வருபவை நம்மிடம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன என்று சமூகவியல்காரர்கள் சொல்வதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

அந்த நெம்புகோலைத் திருப்ப மறந்தால் என்ன ஆகும்? பருத்த 78 முள் எல்.பி. தடத்துக்குள் இறங்காமல் அதன் தோள்களின் மேல் சவாரி செய்யும், விளிம்பை நசுக்கும், வழுக்கி ஓடும். மெல்லிய எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் அகலமான தடத்தின் அடியில் போய் விழுந்து அங்குமிங்கும் ஆடும். பாட்டைவிட இரைச்சல் தூக்கலாக இருக்கும். உழவு தெரிந்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். சாலுக்கும் கொழுவுக்கும் பொருத்தம் இல்லை.

ராஷல் உப்புப் படிகத்தால் ஆன பிக்கப்புகளுக்கு இன்னொரு வியாதி. ஈரப்பதமும் வெப்பமும் அவற்றுக்கு ஆகாது. கடற்கரை ஊர்களில் சில வருஷங்களில் ஒலி மெலிந்து, அடிக்குரல் போய், கடைசியில் அமுங்கிவிடும். மிதவெப்ப நாட்டு வரவேற்பறையை மனசில் வைத்துத் தேர்ந்த பொருள், ஐப்பசி மழையில் கரைந்தது. பின்னால் வந்த செராமிக் பிக்கப்புகள்தான் ஓரளவு தாக்குப் பிடித்தன.

*

இப்போது நாணயத்துக்கு வருகிறேன். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மைக் செட்காரர் முள்தலையின் மேல் ஒரு காசை வைத்து ஓட்டியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, பெஞ்சியின் மேல் பிளேயரை வைத்து, பிள்ளைகள் ஓடி அதிரும் தரையில் எல்லாம் நடக்கும். முள் தாவினால் "நாலணா வை" என்பார். நிக்கல் இருபத்தைந்து காசின் எடை இரண்டரை கிராம். இதைப் பார்த்து ஹை-ஃபை ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். பாமரன் தட்டைக் கெடுக்கிறான் என்பது அவர்கள் கட்சி.

இந்தச் சுளிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இயந்திர கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தியது. எல்.பி. வந்தபோது அது ஆறேழு கிராமானது. 1959இல் இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. கைகள், 1964இல் ஷூர் கம்பெனியின் வி-15 கார்ட்ரிட்ஜ் என்று 1960களில் அது ஒன்றரை, ஒன்று என்று இறங்கியது. குறைந்த கிராம் உயர்ந்த ரசனையின் அடையாளமாயிற்று. என்னுடையது ஒரு கிராமில் ஓடுகிறது என்பது ஒரு ஜாதிப் பெருமை போல. ஒன்றரை கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். முள் சுவரைத் தொடும் இடம் சில மைக்ரான் அகலம்தான். அந்தப் புள்ளியில் அழுத்தத்தைக் கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் வரும். இருபது நிமிஷப் பக்கம் ஒன்றில் அந்த முள் கடக்கும் தூரமோ 400 மீட்டருக்கு மேல்.

ஆனால் எடையைக் குறைக்கக் குறைக்கத் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை இயற்பியலில் நிற்காது. தேவைக்குக் குறைவான பாரத்தில் முள் உரத்த இடங்களில் சுவரை விட்டு எழும்பி, மறுபடி வந்து மோதும். தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் முள்ளைவிட விட்டுவிட்டு மோதும் முள்தான் சுவரைச் சிதைக்கிறது. கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட எல்லையில் மேல்பாதியில் வைப்பதே பாதுகாப்பு என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான். அப்படியானால் மைக் செட்காரரின் நாலணா பாதி உண்மை. ஆறு கிராமுக்கான செராமிக் தலையில், அதிரும் பெஞ்சியில், அது முள்ளைத் தடத்தோடு பிடித்துவைத்தது. தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் ஒரே பிடியில் சிக்கிக்கொள்ளாமல் காப்பாற்றியது. மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். முள் தேய்ந்திருந்தால், பேரிங் இறுகியிருந்தால், காசு நோயை மூடி மறைத்தது. மூடப்பட்ட நோய் தட்டுக்குத் தட்டு பரவியது. ஒரு கிராம்காரரின் அறியாமையும் நாலணாக்காரரின் அறியாமையும் ஒரே அளவுதான். ஒன்றுக்கு மட்டும் ரசனை என்று பெயர் வந்துவிட்டது.

கோளாறைப் பிரித்தறிய இதற்கெல்லாம் கருவி வேண்டியதில்லை, காது போதும். எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கிறது. 'டிக்' என்ற சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது தட்டின் கீறல். தாளமில்லாமல் வந்தால் தூசி அல்லது நிலைமின்னூட்டம். எந்தத் தட்டைப் போட்டாலும் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ' எழுத்துகள் சீறினால் தட்டைத் திட்ட வேண்டாம். வெளிவிளிம்பில் விநாடிக்கு 51 செ.மீ. ஓடும் தடம், உள்ளே 21 செ.மீ.க்குச் சுருங்குகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. தேய்ந்த முள்ளும் கோணம் தப்பிய கார்ட்ரிட்ஜும் முதலில் தோற்றுப்போவது அங்கேதான். ஒலி மெல்ல மெல்ல மங்கி, பிறகு கை வழுக்கிக்கொண்டு போனால் முள்ளில் பஞ்சு சேர்ந்திருக்கிறது. தூரிகையால் பின்னிருந்து முன்னாகத் துடைக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. உறுமல் கேட்டு, கையைத் தொட்டால் நின்றுவிட்டால் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் முற்றிலும் ஊமையானால் கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நாலு கம்பிகளைப் பாருங்கள், வெள்ளையும் நீலமும் இடதுக்கு, சிவப்பும் பச்சையும் வலதுக்கு. இதில் ஏதோ ஒன்று கழன்றிருக்கும்.

இத்தனை நோய்க்குறிகளில் தட்டு தானே குற்றவாளியாகிற சந்தர்ப்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆனாலும் குப்பைக்குப் போவது தட்டு.

*

1936இல் வெளிவந்த கட்டுரையில் வால்டர் பெஞ்சமின், இயந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் தனித்துவ ஒளிவட்டத்தை அழிக்கிறது என்று வாதிட்டது நம் பக்கங்களில் போதுமான அளவு மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. பத்தாயிரம் நகல்களில் எது அசல் என்ற கேள்வி பொருளற்றுப் போகிறது என்பது சரி. ஆனால் அந்தப் பத்தாயிரமும் தொழிற்சாலை வாசலைத் தாண்டும் வரைக்கும்தான் ஒன்று. முதல் முறை முள் இறங்கியதும் அவை பிரியத் தொடங்குகின்றன. ஒன்றின் மேல் நாலணா ஏறுகிறது, இன்னொன்று ஒரு கிராமில் சிதைகிறது, மூன்றாவது தப்பான நெம்புகோலால் நசுங்குகிறது. நூறு தரம் கேட்கப்பட்ட தட்டின் நகல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பெஞ்சமின் இழந்துவிட்டோம் என்றது பின்வாசல் வழியாக, அதுவும் கோளாறின் வடிவில் திரும்பி வருகிறது. அடார்னோ 1928இல் 'ஊசியின் வளைகோடுகள்' என்று தலைப்பிட்டு எழுதினார். 1934இல் தட்டை ஒருவகை எழுத்தாகவே பார்த்தார். அந்த எழுத்தின் மேல் ஒவ்வொரு வாசிப்பும் தன் கையெழுத்தையும் விட்டுப்போகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

1985இல் கிறிஸ்டியன் மார்க்ளே உறையே இல்லாத ஒரு தட்டை வெளியிட்டார். கடையிலும் அலமாரியிலும் அது வாங்கிக்கொள்ளும் கீறல்கள் அந்த இசையின் பகுதி. அதற்குப் பத்து வருஷம் முன்பே நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின இளைஞர்கள், சர்வீஸ் கையேடு கூடவே கூடாது என்று சொன்ன காரியத்தை, முள்ளின் கீழே தட்டைக் கையால் பின்னுக்குத் தள்ளுவதை, வாத்தியமாக்கியிருந்தார்கள். அவர்களும் முள்தலையில் பாரம் ஏற்றினார்கள். அங்கே அதற்குப் பெயர் கலை. நம் மைக் செட்காரருக்கு அது கிடைக்கவில்லை. மார்க்ளேயைவிட பிராங்ஸ்காரர்கள்தான் எனக்கு முக்கியமானவர்களாகப் படுகிறார்கள். கீறலை அவர்கள் காட்சிக்கு வைக்கவில்லை, அதில் ஆட வைத்தார்கள்.

முள்ளையே ஒழித்துவிட்டால் என்ன என்ற யோசனையும் வந்தது. 1980களிலிருந்து லேசர் ஒளியால் தட்டை வாசிக்கும் இயந்திரம் உருவாக்கப்பட்டு, பிறகு ஜப்பானில் தயாராகி விற்பனைக்கு வந்தது. தொடுதல் இல்லை, தேய்மானம் இல்லை, கை இல்லை, நாலணா இல்லை. ஓட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. முள் இத்தனை காலமும் தடத்தில் கிடந்த தூசியைத் தள்ளிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. லேசருக்குத் தள்ளத் தெரியாது. ஒவ்வொரு துகளையும் பாட்டோடு பாட்டாக அப்படியே வாசித்துவிடுகிறது. அதனால் ஓட்டுவதற்கு முன் தட்டை நன்றாகக் கழுவ வேண்டும் என்கிறார்கள். வண்ணத் தட்டுகளையும் ஒளி ஊடுருவும் தட்டுகளையும் அது வாசிக்காது. கறுப்புத் தட்டாக இருந்தாக வேண்டும்.